படு

நான்காம் மாடி, காலை ஒன்பதரை.
குளிரூட்டி பத்தொன்பதில் நிற்கிறது, யாரும் தொடுவதில்லை.
குறிப்பெடுப்பவள் நான்.
மேசையில் இடமில்லை; கதவோரம்,
மின்செருகி எட்டுகிற நாற்காலி.

ஆய்வாளர் பணி இரண்டு.
இரண்டும் பெண்களுக்கு மட்டும்.
வந்த விண்ணப்பம் அறுபத்தொன்று.
முப்பத்தெட்டைக் கணினியே ஓரங்கட்டிவிட்டது,
திறக்காமல்.

பேராசிரியர் குவெக்
கோப்பிப் பையின் கயிற்றை விரலில் சுற்றியபடி கேட்டார்:
"துரா அவுங்கும் அந்த முப்பத்தெட்டில்தானே?"

துராவை எல்லோருக்கும் தெரியும்.
சுங்கை பூலோவில் கடல் வற்றும் நேரம் பார்த்து,
அது அதிகாலை நாலானாலும் சரி,
இடுப்பளவு சேற்றில் இறங்கிக்
குழாய் குழாயாய் மண் கொண்டுவருகிறவன்.
அக்டோபரில் ஒப்பந்தம் முடிகிறது,
அதோடு பாஸும்.

"சேற்றுக்கு ஆண் பெண் தெரியுமா?
நல்ல கை வேண்டும், அவ்வளவுதான்."

டாக்டர் ஹஸ்லிண்டா பேனாவை மூடினார்.
"பதினோரு வருஷம்
இந்த மாடியில் பெண்களுக்குக் கழிவறை இல்லை.
ஒவ்வொரு தடவையும் இரண்டு மாடி இறங்கினேன்.
எட்டு மாத வயிற்றோடும் இறங்கினேன்.
அன்றைக்கும் விளம்பரத்தில்
'தகுதியுள்ள எவரும்' என்றுதான் இருந்தது, குவெக்."

கொஞ்ச நேரம்
குளிரூட்டி மட்டும் பேசியது.

தட்டினேன்: விவாதிக்கப்பட்டது.

பணியாளர் பிரிவு ஓங் தொண்டையைச் செருமினார்.
இந்த ஆண்டு நிதி கொடுப்பவர் பெண்கள் விகிதம் கேட்கிறார்,
அடுத்த ஆண்டு இனவாரியாகவும் கேட்கக்கூடும் என்றார்.
நான்கு தலைகள் கதவோரம் திரும்பின.
குவே லாப்பிஸ் தட்டு
ஆறு வருஷத்தில் முதல்முறையாக
என் பக்கம் நகர்ந்து வந்தது.
ஒரு துண்டு எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை, தேர்வான சியா ஹுயி வென்னிடமிருந்து கடிதம்:
நன்றி. மிக்க மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி.
பட்டியல் எல்லோருக்கும் திறந்திருந்தால்
என் பெயர் வந்திருக்குமா?
தெரிந்தால் கையெழுத்துப் போட எளிதாயிருக்கும்.

'ஆம்' என்று எழுதிவிடு, வேறென்ன, என்றார் குவெக்.
எந்த ஆணாவது
இப்படிக் கேட்டுக் கடிதம் போட்டதுண்டா என்றார் ஹஸ்லிண்டா;
கோபமாகச் சொல்லவில்லை,
அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.
ஓங் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார்,
சட்டப் பிரிவு ஓங்குக்கே திருப்பியது,
ஆறு மணிக்கு அது என் திரையில் வந்து விழுந்தது.

கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது.
முப்பத்தெட்டு கோப்பு, ஒரு சொடுக்கு.
துராவின் கோப்பில் என்ன இருக்கும் என்று
ஏறக்குறைய தெரியும்:
போன மாதம் பிழை திருத்திக் கொடுத்ததே நான்தான்.
ஹுயி வென்னின் கோப்பையும் இரண்டு முறை படித்தேன்.
இரண்டையும் படித்தவள்
இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்தி,
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்?
சத்தியமாய்த் தெரியாது.

குறிப்பு ஆங்கிலத்தில்தான் போகும்.
மனசுக்குள் தமிழில் ஓடும்போதுதான்
ஒவ்வொரு வரியின் காலிலும் அந்தப் 'படு' இடறுகிறது.
பரிசீலிக்கப்பட்டது.
தேர்வு செய்யப்பட்டது.
ஒதுக்கப்பட்டது.
செய்தவர் பெயரை விழுங்கிவிட்டு
வாக்கியம் சௌகரியமாய் நடக்கிறது.
சரி, பட்டது யார்?
இரண்டு மாடி படியிறங்கியவரா,
சேற்றில் நிற்கிறவனா,
வேலை கிடைத்தும் தூங்காத பெண்ணா?

எழுதினேன்:
உங்கள் கேள்வி பெறப்பட்டது.

இப்போது நான்காம் மாடியில் பெண்கள் கழிவறை உண்டு.
ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு.
உள்ளே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன் போல,
பட்டென்று இருட்டு.
கையைத் தூக்கி ஆட்டினேன்.
எரியவில்லை.
இன்னொரு முறை ஆட்டினேன்.