மகமைக் கணக்கு

பள்ளத்தூர், பகல் பதினொன்றரை.
குக்கர் இரண்டாவது விசில்.
"அம்மா, அறக்கட்டளைல இருந்து பேசுறோம்.
கவின்னு ஒரு குழந்தை, ஆறு வயசு,
இதயத்துல ஓட்டை, நாளைக் காலைல ஆபரேஷன்."

அடகுக்கடையில் பதினாறு வருஷம் கணக்கெழுதிய கை
தானாகப் பேனாவைத் தேடியது.
எந்த ஆஸ்பத்திரி?
மதுரைங்க.
மதுரையில் எது?
பெரிய ஆஸ்பத்திரிங்க.
பதிவு எண்?
சார் வெளிய போயிருக்காரு.
ரசீது?
பணம் போட்டதும் தானா வரும்மா.
தானாக வருவது தும்மல்தான் என்றேன்.

அவன் குரல் இறுகியது.
"உங்க வீட்டுக்காரர் போன மாசம்
ரெண்டு தடவை போட்டாரே. நல்ல மனுசர்."

அப்போதுதான் காதில் விழுந்தது
அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்:
அதே கவின், ஏழு வயசு.
அதற்கும் பின்னால் இன்னொன்று:
நாலரை.

வைத்துவிட்டு 1930க்குச் சொன்னேன்.
பீரோவில் வரவு செலவு நோட்டு.
இவர் கையெழுத்தில், மகமை, ஆயிரம்.
நாலு வரி தள்ளி இன்னொரு மகமை,
ஆயிரத்து ஐநூறு.
கத்திரிக்காய்க்கு ஐந்து ரூபாய் பேரம் பேசுகிறவர்.

சாப்பிட வந்தவர் முன் நோட்டை விரித்து வைத்தேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"ஒருவேளை நிஜமா இருந்தா, சிகப்பி?"
என்னிடம் பதில் இல்லை.
ரசம் ஊற்றினேன்.

அந்த எண்ணை நான் அழிக்கவில்லை.
இரண்டு போனிலும் பெயர் போட்டு வைத்திருக்கிறேன்:
கவின், எல்லா வயதும், எடுக்காதே.

நேற்று மறுபடி அடித்தது.
அடிக்கட்டும் என்று இருந்தோம்.
அது ஓயும் வரைக்கும்
இவர் விரல்கள்
சோற்றிலேயே நின்றன.