ஒரு விரற்கடை கீழே

என் பழைய ஸ்பிளெண்டருக்கு ஒரு குணம்:
முறுக்கினால் வெளிச்சம், விட்டால் இருட்டு.
நேர்ச்சாலையில் பகல்போல எரியும்.
வளைவில், பள்ளத்தில், நாய் படுத்திருக்கும் இடத்தில்,
எங்கே நிதானிக்க வேண்டுமோ அங்கே
சுருங்கி மங்கி
சாம்பிராணிக் கங்காகிவிடும்.

பதினோரு வருடமாய்
தக்கலையிலிருந்து பேச்சிப்பாறைக்கு
பத்திரிகைக் கட்டு கொண்டுபோகிறேன்.
இரண்டே முக்காலுக்கு வேன் வரும்.
டேங்கின்மேல் ஒன்று, பின்சீட்டில் நான்கு,
சாரல் என்றால் மேலே பாலிதீன்.
நாட்டில் நேற்று நடந்ததெல்லாம்
என் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும்.
பத்தடிக்கு முன்னால் நடப்பதுதான் தெரியாது.

போன ஐப்பசியில், வேர்க்கிளம்பிக்கு அப்பால்
குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய குழி
தண்ணீர் நிறைந்து
சாலையைப் போலவே கிடந்தது.
நம்பி இறங்கினேன்.
தோளுக்குள் ஒரு கம்பி இன்னும் இருக்கிறது.
நூற்றெழுபது பிரதி நனைந்துபோயிற்று;
ஏஜென்ட் முதலில் விசாரித்தது அதைத்தான்.

"எஞ்சினை நம்பாதேயும் அண்ணே,
பேட்டரியில இருந்து தனியா எடுப்போம்"
என்றான் அஜின்.
ரிலே, ஃப்யூஸ், சிவப்பும் கறுப்புமாய் நாலு மீட்டர் வயர்,
கிராஷ் கார்டில் இரண்டு கிளாம்ப்.
வலப்பக்கம் வெள்ளை. இடப்பக்கம் மஞ்சள்,
அது மழைக்காம்.
கைப்பிடியில் நகக்கண் அளவு சுவிட்ச்.
இரண்டாயிரத்து நானூறு:
பாதி இப்போது, மீதி கிறிஸ்துமஸுக்கு.

முதல் இரவு அமர்த்தினேன்.
சாலை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது.
தவளைகள்.
ரப்பர்க்காய் ஓடுகள்.
டிப்பர் சிந்திய ஜல்லி.
மைல்கல்லில் ஒட்டிய ஜெபக்கூட்ட நோட்டீஸ், தேதி முடிந்தது.
மரம்தோறும் சாய்ந்த வெட்டு, கீழே சிரட்டை.
இதன்மேலேயா இத்தனை வருடம் போய்வந்தேன்!
முறுக்காமலே வெளிச்சம்.
மெதுவாகவும் போகலாம், பார்த்துக்கொண்டும் போகலாம்,
அப்படியொரு போக்கு இருப்பதே
அன்றுதான் தெரியும்.

திற்பரப்பு விலக்குக்குச் சற்று முன்
எதிரே ஒரு வெளிச்சப் பொட்டு,
ஆள் உயரத்தில் அசைந்து வந்தது.
பால்வெட்டப் போகும் யாரோ, நெற்றியில் விளக்கு.
டிம் அடித்தேன்.
பழைய விளக்கு பணிந்தது,
புதிய இரண்டும் அப்படியே முறைத்து நின்றன.
பொட்டு நின்றது.
ஒரு கை உயர்ந்து கண்ணை மறைத்தது.
பிறகு பொட்டு இல்லை.

ஓடைக்குள்ளிருந்து குரல் வந்தது:
"எந்த மந்திரி போறாரு அது?"

ரோஸ்லெட் அக்கா.
முழங்காலில் சிராய்ப்பு.
ஒரு சாண் தள்ளி
ஈரமண்ணில் செருகி நின்றது வெட்டுக்கத்தி.
கை கொடுத்துத் தூக்கினேன்.
திட்டுவாள் என்று பார்த்தால்
நெற்றி விளக்கைச் சரிசெய்து
என் முகத்துக்கு நேரே வைத்தாள்.
பத்து எண்ணும் நேரம் அசையவில்லை.

"இப்ப தெரியுதா?"
"ஒண்ணும் தெரியல்லக்கா."
"அதாக்கும்."

மறுநாள் சாயங்காலம்
அஜினின் பட்டறைச் சுவரில் சாக்பீஸ் கோடு.
இருபத்தைந்து அடி அளந்து வண்டியை நிறுத்தினோம்,
மேலே நான் கட்டுகளின் கனத்தோடு.
அவன் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் தளர்த்தினான்.
"தூரம் குறையுமே அண்ணே."
குறையட்டும்.
வட்டம் இரண்டும் கோட்டுக்குக் கீழே,
ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றன.

இப்போது மரங்களின் தலைகள்
மறுபடியும் இருட்டுக்குப் போய்விட்டன.
மின்மினி மட்டும் உண்டு.
குழி தெரிகிறது, தவளை தெரிகிறது,
எனக்கு அது போதும். சில இரவுகளில் போதவில்லை;
மழை வலுத்தால் வெள்ளையை அணைத்து
மஞ்சளோடு ஊர்கிறேன்.

விலக்கு நெருங்கும்போது
எதிரே பொட்டு தெரிந்தால்
நகக்கண் சுவிட்சைத் தட்டுகிறேன்.
அவளும் உள்ளங்கையால் நெற்றியை மூடிக்கொள்கிறாள்.
அந்த நாலைந்து நொடி
அவள் செருப்புச் சத்தத்தை நம்பி நானும்
என் எஞ்சினை நம்பி அவளும்
கிட்டத்தட்ட இருட்டில்தான் கடக்கிறோம்.

அஜினுக்கு இன்னும் அறுநூறு பாக்கி.