நான்கு விரற்கடை

திபிலிசியில் ஞாயிறு காலை
கார்கள் தூங்குகின்றன.
நடைபாதையின் மேல்தான் தூங்குகின்றன.
ஒரு வண்டியின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே
பெசோ அளவு நாடாவை இழுத்துப் பிடிக்கிறான்.
என் நாற்காலிக்கு இரண்டு விரல் குறைகிறது.
விளிம்புக்கல்லின் உயரம்
நான்கு விரற்கடை.
எழுதிக்கொள்.

நான்கு விரற்கடை என்றால்
அவனுக்கு ஒரு கால் தூக்கல்,
பேச்சை நிறுத்தக்கூட வேண்டாம்.
எனக்கு,
முன்சக்கரம் இரண்டையும் அந்தரத்தில் நிறுத்தி
மூச்சைப் பிடித்து
முதுகுக்குப் பின்னால் யாரென்றே தெரியாத ஒருவரை
முழுதாக நம்புவது.

நடைபாதை என்று பெயர் வைத்தவர்
நடந்துகொண்டே வைத்திருப்பார்.

சுரங்கப்பாதைப் படிகளின் மேல்
இரண்டு இரும்புத் தண்டவாளம் பதித்திருக்கிறார்கள்.
எனக்காகத்தானாம்.
நாடா வெட்டியவர் அதில் ஒருமுறை
இறங்கிப் பார்த்திருக்கலாம்.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்,
இங்கே அந்தச் சாணும் கிடையாது.
பெசோ சரிவுமானியை வைத்தான்.
முப்பத்தொரு டிகிரி.
சிவப்பு, என்றேன்.
சிவப்புக்கு மேல் நிறம் எதுவும் இல்லையா, என்றான்.

பச்சை, மஞ்சள், சிவப்பு.
மூன்றே நிறத்தில் ஓர் ஊரை வரைகிறோம்.
வாரநாளில் நான் மருந்துக்கடைக் கல்லாவில்
எல்லாரையும்போல உட்கார்ந்திருப்பவள்.
ஞாயிறன்று ஊர் சுற்றி.
எங்கள் அடுக்ககத்து லிஃப்ட்
பத்து தெத்ரி காசு போட்டால்தான் அசையும்.
சில்லறை இல்லாத இரவுகளில்
என் ஏழாம் மாடி வீடு வானத்தில் இருந்தது.
வரைபடத்தில் அதையும் சேர்த்தோம்:
பச்சை. சில்லறை கொண்டுவரவும்.

முதல் கடிதம் நோதாரிடமிருந்து.
மின்நாற்காலி, என்னையும் சேர்த்து நூற்றெண்பது கிலோ.
மருத்துவமனைப் பின்வழிக்குப் பச்சை போட்டிருக்கிறீர்கள்.
அந்த மரப்பலகை என் அடியில் முறிந்தது.
உங்கள் பச்சை எனக்குச் சிவப்பு.

இரண்டாவது, தினாதின்.
மகனைத் தள்ளிக்கொண்டு
உங்கள் சிவப்பு வழியாகத்தான் தினமும் போகிறேன்,
பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

பெசோ கணினியை மூடிவிட்டான்.
நெடுநேரம் சூரியகாந்தி விதைகளைக் கொறித்தோம்,
தோலை யார் பொறுக்குவது என்று
மெல்லச் சண்டை போட்டோம்.

இன்று ரொட்டிக்கடை முனை.
போன மாதம் நாங்கள் சிவப்பிட்ட இடம்.
விளிம்புக்கல்லின் மேல்
யாரோ இரவில் சிமெண்டைக் கொட்டி
கரண்டியாலோ சட்டியாலோ தேய்த்திருக்கிறார்கள்.
மாநகராட்சி இல்லை, இவ்வளவு கோணலாய் அவர்கள் செய்தால்
பலகை வைத்திருப்பார்கள்.
ரொட்டிக்காரி மக்வாலாவைக் கேட்டோம்.
மாவைப் பார்த்தபடி
எனக்கென்ன தெரியும், என்றாள்.
அவள் செருப்பு ஓரத்தில் சாம்பல் நிறம்.
மாவு அந்த நிறத்தில் இருக்காது.

ஈரம் காயுமுன்
ஒரு தெருநாய் கடந்திருக்கிறது.
காதில் மஞ்சள் பட்டையுடன் எதிரே படுத்திருந்ததே,
அதுவாக இருக்கலாம். கேட்கவில்லை.

பதினான்கு டிகிரி.
சிவப்பு, என்றான் பெசோ. விதி விதிதான்.
நான் பின்னுக்குப் போய் வந்து ஏறினேன்.
முதல்முறை சரிந்தேன்.
இரண்டாம்முறை பெசோ கை நீட்டினான்,
தட்டிவிட்டேன்.
மூன்றாம்முறை
இடது சக்கரம் நாயின் தடத்தில் கடித்து நின்றது,
உள்ளங்கை உரிந்தது,
மேலே வந்துவிட்டேன்.
கடைக்குள் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள்.

எழுது, என்றேன்.
மஞ்சள்.
கை வலு உள்ளவர்களுக்கு மட்டும்.
நோதார், நீங்கள் வேண்டாம்.
தினாதின், முயன்று பாருங்கள், மழையில் கூடாது.
இடது சக்கரத்தை
நாயின் கால்தடத்தில் வைக்கவும்.

எந்தக் கால், என்று கேட்டான் பெசோ.
முன்னங்கால்.
அவன் குனிந்து
அதையும் அளந்தான்.