கடைசி லோக்கலுக்குப் பிறகு

ராத்திரி இரண்டரைக்கு மும்பையில் ரயில் கிடையாது.
கடைசி லோக்கல் போய்
முதல் லோக்கல் வராத அந்த நேரத்தில்தான்
என் மகளின் விரலைத் தேடுவேன்.

பத்து விரலுக்கும் அவளே பெயர் வைத்திருக்கிறாள்.
இடது கட்டைவிரல் மாட்டுங்கா.
பிறகு சயான், குர்லா, வித்யாவிகார்,
சுண்டுவிரல் காட்கோபர்.
வலக்கையில் விக்ரோலி தொடங்கி முலுண்டு வரை.
"குர்லா வேண்டாம்பா, அங்க நேத்தே கூட்டம்" என்றால்
வலிக்கிறது என்று அர்த்தம்.

போர்வைக்கு வெளியே ஒரு கை கிடக்கும்,
தூங்குகிற பிள்ளையின் கைபோல.
தூங்குகிற பிள்ளை
ஒரே ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டு தூங்குமா என்று
இரண்டு வருஷமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் அம்மா கேட்டார்:
எதுக்கு ரொம்ப பயம், பெனிட்டா?
ஊசி என்பாள் என்று காத்திருந்தோம்.
"மெஷின் எண்ணும்ல, அஞ்சு, நாலு, மூணு...
அதுக்கப்புறம் வர்ற அப்பா மூஞ்சி."
நம்பரைப் பார்ப்பதே இல்லையாம்.
என்னைத்தான் படிக்கிறாளாம்.

அன்றிலிருந்து முகத்தைப் பழக்கினேன்,
குர்லா தாண்டி இருட்டும் ஜன்னல் கண்ணாடியில்,
பவாய் கட்டடங்களின் எவர்சில்வர் கதவில்.
நான் லிஃப்ட் மெக்கானிக்.
இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம்
கதவு இடுக்கில் வாய் வைத்துப் பேச
ஒரு குரல் வைத்திருக்கிறேன்.
கப்ராவோ மத், தோ மினிட்.
மேலே மோட்டார் புகைந்தாலும் அதே குரல்.
அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜெயசீலி தையல் கம்பெனியை விட்டுவிட்டாள்.
மதியம் பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடப் படியில்
இன்சுலின் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள்.
சாக்லேட் வாங்கிக் கொடுத்தே கெடுத்துட்டீங்க
என்று சொல்பவர்களுக்கு
பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.
எனக்குச் சொல்வதையும் கொஞ்சம்.

நேற்று ஐம்பத்துநாலு.

குளுக்கோஸ் கரைத்தேன்.
ஸ்பூன் டம்ளரில் இடித்துக்கொண்டே இருந்தது.
கீழே சந்தில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள்.
"ஒண்ணுமில்லம்மா, பதினஞ்சே நிமிஷம்" என்றேன்.
வேர்த்த நெற்றியோடு டம்ளருக்குள்ளிருந்து சொன்னாள்:
"அந்தக் குரல் வேண்டாம்பா.
அது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு."

சமையல் மேடைக்குக் கீழே
இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.
கேஸ் சிலிண்டர் முதுகில் குளிர்ந்தது.

"உனக்குப் பயமா இருக்கா?"

கடவுளிடம்கூட நான் அதை ஒப்புக்கொண்டதில்லை.
ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்
மகளுக்குச் சுகம் கேட்பேன், வேலைக்குக் கேட்பேன்,
இதைச் சொன்னதில்லை.

"இருக்கு."

"எவ்வளவு?"
அவளுக்கு எதையும் எண்ணாகத்தான் கேட்கத் தெரியும்.

"நானூறு."

அவள் சிரித்துவிட்டாள்.
"அது ஹைப்பா. ஹைன்னா தண்ணி குடிக்கணும்"
என்று சொம்பை என் பக்கம் தள்ளினாள்.
குடித்தேன்.
ஒன்பது வயசுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க
முழுச் சொம்பையும் குடித்தேன்.
கண்ணில் வந்தது தண்ணீர் புரையேறியதால் என்று
இந்த முறை சொல்லவில்லை.

பதினைந்து நிமிஷம் ஆனது.
எந்த ஸ்டேஷன்?
"நாஹூர். அங்க ரெண்டு மூணு பேர்தான் இறங்குவாங்க."

எண்பத்தெட்டு.
என் முகம் என்ன செய்தது என்று தெரியாது.
அவள் அன்றைக்கு மெஷினைத்தான் பார்த்தாள்.

படுக்கையில் ஜெயசீலி
சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள்.
"எவ்வளவு?"
"எண்பத்தெட்டு."
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு, "உங்களுக்கு?" என்றாள்,
கண்ணைத் திறக்காமலே.