அனுபவம் என்ற கட்டம்

புதிய அமைச்சரின் வாழ்க்கைக் குறிப்பை
ஐந்து மணிக்குள் கேட்டார்கள்.
ஒரே பக்கம். படம் வலது மூலையில்.

ரோஹன், த/பெ டத்தோ ஸ்ரீ மாயாண்டி.
வயது முப்பத்து நான்கு.
கல்வி: லண்டன். குறை சொல்ல முடியாத கல்லூரி.
அடுத்தது அனுபவம்.
வெள்ளைக் கட்டத்துக்குள் அந்தச் சின்னக் கோடு
விட்டு விட்டு மின்னுகிறது,
நெடுஞ்சாலை ஓரம் கார் நின்றுபோனவன்
விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல.

"அப்பாவின் குறிப்பை எடுத்துத் தேதியை மாத்துங்க, காக்கா"
என்றான் பக்கத்து மேசை அஸ்ருல்.
கேலிக்குத்தான் சொன்னான்.
நான் உண்மையிலேயே எடுத்தேன்.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்
சுல்தான் சலாஹுதீன் சாலையில், இதே மாடியில்
நான் தட்டச்சு செய்தது.
அன்றைக்குக் கட்டம் போதாமல்
எழுத்தைச் சிறிதாக்கினேன், நினைவிருக்கிறது:
ரவாங்கில் லாரி உதவியாள்.
இரவுப் பள்ளி, மூன்று தடவை தேறாமல் நாலாவதில் தேறியது.
தொழிற்சங்கச் செயலாளர்.
தோட்டத்து லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு
ஆறு நாள் லாக்கப்.

ஒவ்வொரு வரியாக அழித்தேன்.
லாரி போனது. பள்ளி போனது.
லாக்கப்பை அழிக்கும்போது மட்டும்
விரல் கொஞ்சம் தயங்கியது.
கடைசியில் மிஞ்சிய இடத்தில் எழுதினேன்:
"தந்தையாருடன் நெருக்கமாகப் பணியாற்றியவர்."
பொய்யில்லை. ஒரே வீட்டில்தானே இருந்தார்கள்.

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று
செந்தூலில் இதற்குள் பதாகை ஏறிவிட்டதாம்.
ஆகாதுதான்.
ஆனால் இது வடிகால் அமைச்சு.
வெள்ளம் வந்தால் புலியும் கூரைமேல் ஏறும்,
பூனையும் ஏறும்.
மதகைத் திறக்க
வேறொரு கை வேண்டும்.

அந்தக் கை மூன்றாம் மாடியில் இருக்கிறது.
பொறியாளர் கனகேஸ்வரி.
உலு கிள்ளானில் மழை பிடித்தால்
மஸ்ஜிட் ஜாமெக் படிக்கட்டுக்குத் தண்ணீர் வர
எத்தனை நிமிடம் என்று
கடிகாரம் பார்க்காமல் சொல்வாள்.
செகாம்புட்டில் எந்தக் கால்வாயை
எந்தக் கடைக்காரரின் மெத்தை அடைத்தது என்றும் தெரியும்.
அவள் குறிப்பை எழுத ஒரு பக்கம் போதாது.
இதுவரை யாரும் எழுதச் சொன்னதில்லை.

இங்கே நிறுத்தினால்
நான் நல்லவளாகத் தெரிவேன்.

போன செவ்வாய்க்கிழமை
நானும் மூன்றாம் மாடிக்குப் போனேன்,
கையில் மஞ்சள் உறை,
பயிற்சி வேலைக்கு ஒரு விண்ணப்பம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கனகேஸ்வரி கேட்டாள்:
"பையனுக்கு நீரியலில் என்ன கிரேடு?"
"என் மகன்" என்றேன்.
அது பதிலல்ல என்று
இருவருக்குமே தெரிந்தது.
அவள் உறையைத் திருப்பித் தரவில்லை.
வாங்கி வைக்கவும் இல்லை.
மேசை நடுவில் கிடந்தது,
நான் கதவைச் சாத்தும்வரை.

மாயாண்டியும் ஒரு நாள்
இப்படித்தான் யார் மேசையிலாவது
ஏதாவது வைத்திருப்பார்.
லாக்கப்பில் ஆறு நாள் தூங்காத மனிதர்.
பிள்ளை என்று வந்தால்
நமக்கெல்லாம் முதுகு ஒரே மாதிரிதான் வளைகிறது.
அவர் உறையில் ஒரு அமைச்சு இருந்தது,
அவ்வளவுதான் வித்தியாசம்.
அவ்வளவு என்றால்
ஊர் முழுக்க நனைகிற அளவு.

நாலு ஐம்பது.
சேமி என்று அழுத்தினேன்.
இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது,
அதன் இடத்தில் இதை வைக்கவா
என்று கேட்டது கணினி.
இந்தக் கட்டடத்தில் இன்றைக்கு
யாராவது கேட்ட ஒரே கேள்வி.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.
லிப்டுக்குக் காத்திராமல்
மழையங்கியை ஒரு கையில் மட்டும் மாட்டியபடி
கனகேஸ்வரி படியிறங்கிப் போனாள்.
காலடிச் சத்தம்
கீழே போகப் போகப் பெரிதாய்க் கேட்டது.
திரையில் இன்னும் கேள்வி.
ஆம். இல்லை.
என் விரல் எங்கே போகும் என்று
எனக்குத் தெரியும்.