பத்தடி

கட்டபெட்டில் ஐந்தேகால் பஸ்ஸை விட்டு இறங்கினால்
எங்கள் ஹட்டிக்கு இரண்டு மைல்.
டான்டீ லைன் வீடுகளுக்கும் அதே பாதைதான்.

பள்ளியில் நான் சென்டர் ஃபார்வர்ட்.
பிளஸ் ஒன் பெண்களின் நோட்டில் என் பெயருக்கு
மூன்று விதமான எழுத்துக்கூட்டு.
யோகராஜாவுக்குப் பெயரே கிடையாது. 'சிலோன்'.
கடைசி பெஞ்சில்
மூன்று பேர் இடத்தில் ஒருவன்.

மூடுபனி இறங்கிய மாலைகளில்
ஐந்தடிக்கு அப்பால் ஊரே இல்லை.
அப்போது மட்டும் பேசுவோம்.
காட்டெருமை நிற்கும் வளைவுகளில்
டிபன் மூடியைத் தட்டுவான். டிங், டிங்.
"நாங்கதாம்ப்பா, போயிடுறோம்" என்று
சோலைக்குத் தகவல் சொல்வதுபோல.
எனக்கு இருட்டென்றால் பயம்.
உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் அது தெரியும்.

பிப்ரவரியில் ஒருநாள் பனியே இல்லை.
கல்வெர்ட்டின் மேல் என் டீம் மொத்தமும்.
நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே
அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.
அறுந்திராத வார்.
எங்களுக்கு நடுவே பத்தடி ஆகும்வரை
சரிசெய்துகொண்டே இருந்தான்.

"சிலோன் உன் பின்னாடியே வர்றான் பாரு" என்றான் ஹாலன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

அடுத்த வளைவில் எருமை நின்றது.
பின்னாலிருந்து
டிங், டிங்.

மறுநாள் முதல் பீரியடில்
கடைசி பெஞ்சுக்குப் போனேன்.
வகுப்பே திரும்பியது.
அவன் பையை எடுத்து மடியில் வைத்தான்,
பிறகு தரையில், மறுபடி மடியில்.
ஏழாம் வகுப்பிலிருந்து தனியாகவே உட்கார்ந்தவனுக்கு
முழங்கையை எங்கே வைப்பதென்று
தெரியவில்லை.