நாலு விரல் கையுறை

டச்சு விரிகுடாவில் ஒரு மாதம்
பூசணிக்காய் நிறத்தில் ஒரு கப்பல் நின்றது.
மிதக்கவில்லை. கொங்கிரீட் கட்டைகளில் குந்தியிருந்தது.
குமிழி ஊதும் புகைபோக்கி,
படிக்கட்டெல்லாம் சர்க்கரை மிட்டாய்,
தொட்டால் ரெஜிபோம்.

கப்டன் பம்பளிமாஸ்.
வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குப் பத்து நிமிடம்
கோடுகளால் ஆடிய படம்.
கழுத்தில்லாத கப்டன் ஓட ஓடப் பின்னால்
அதே மூன்று தென்னைகள் திரும்பத் திரும்ப வரும்.
கடலுக்கு ஒரே ஒரு நீலம்.
அதைத்தான் இப்போது ஆட்களை வைத்து எடுக்கிறார்களாம்,
குடும்பத்தோடு பார்க்க,
காசை அள்ளி இறைத்து.

மூன்று தென்னைக்கு முந்நூறு வந்திறங்கின,
லொறியில், பாய் போலச் சுருட்டியபடி.
கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்து
முதல் இரவே பதினாறைத் தின்றன.
காவலுக்கு நின்ற பெடியன் "ச்சூ" என்றதும்
நிமிர்ந்து பார்த்தனவாம், மென்றபடியே.

கடல்தான் பெரிய கரைச்சல்.
விடிய ஒன்று, பத்து மணிக்கு இன்னொன்று,
மேகம் விலகினால் வேறொன்று.
நிற அட்டையோடு அலைந்த உதவி இயக்குநர் சுஜீவன்
கடைசியில் அட்டையை அலைக்கு நேரே நீட்டி
"இந்தா, இதுதான், இதைப் பார்" என்று கத்தினான்.

நான் மட்டிக்களியில் பள்ளிச் சீருடை தைப்பவள்.
கையுறை கேட்டு வந்தார்கள்.
எலுமிச்சை மஞ்சள், மணிக்கட்டில் பொத்தான், நாலு விரல்.
"ஏன் நாலு?"
"வரைகிறவனுக்கு ஒரு விரல் மிச்சம் அக்கா.
ஒரு நொடிக்குப் பன்னிரண்டு கை,
பத்து நிமிடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்."
கூட்டிப் பார்த்தேன். நியாயம்தான்.

பதினொரு சோடி தைத்தேன்.
கொழும்பிலிருந்து வந்த நடிகருக்கு
ஐந்தும் கொழுத்த விரல்.
இரண்டை ஒன்றில் திணித்தால்
துணிக்குள் எலி புகுந்த மாதிரி.
கணினியில் அழிக்கலாம் என்று விலை சொன்னார்கள்.
அந்த விலைக்கு எனக்கு மூன்று மெஷின் வாங்கலாம்.

ஐஸ்கட்டி இறக்க வந்த முபாரிஸை
அப்போதுதான் யாரோ கவனித்தார்கள்.
வலக்கையில் சின்னவிரல் இல்லை.
போட்டுப் பார்த்தான்.
நான் தைத்த எதுவும் எவருக்கும்
அப்படிப் பொருந்தியதில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள்.
பிறகு, எதற்குத் தட்டுகிறோம் என்று நினைத்தாற்போல்
ஒவ்வொருவராய் நிறுத்தினார்கள்.

விரல் எங்கே என்று கேட்டவர்களில்
ஒருவருக்கு வின்ச், ஒருவருக்குச் சுறா,
இயக்குநருக்கு, "அடகு வச்சிருக்கு சேர்."
நான் பொத்தானைப் பூட்டும்போது
மெதுவாக வேறொன்று சொன்னான்.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

நெம்புகோலைப் பிடித்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.
முப்பத்தெட்டுத் தடவை இழுத்தான்.
ஒவ்வொரு தடவையும் குமிழிகள் கிளம்பிக்
கோணேசர் மலைப் பக்கம் போய் உடைந்தன.
சம்பளத்தை எண்ணிவிட்டு,
"இல்லாத விரலுக்கு இவ்வளவு எண்டா..." என்றான்.
ஆட்கள் சிரித்தார்கள். நான் ஊசியில் நூல் கோத்தேன்.
போகும்போது ஒரு கையுறை கேட்டான், வலது மட்டும்.
அதன் சோடி என்னிடம் கிடக்கிறது,
குண்டூசி குத்தி வைக்க.

படம் வந்தது.
இடைவேளைக்குப் பிறகு கப்பல் பறக்கிறது,
பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று கூவுகிறார்கள்.
கடல் முழுக்க அதே நீலத்தைப் பூசிவிட்டார்கள்,
பின்னேரத்துக்கும்.
நெம்புகோலில் ஒரு மஞ்சள் கை.
இரண்டு நொடி.
பெருவிரல் அடியில் என் கோணல் தையல்
ஆளுயரத்துக்கு நின்றது.

முபாரிஸ் வரவில்லை.
அன்றைக்குக் கீரிமீன் பட்டிருந்தது.